கேட்டைத் தாண்டும் சேலை

என் அம்மா செத்துப்போன கதையை நான் பல வருஷமாகப் பாதி நம்பியும் பாதி நம்பாமலும்தான் வைத்திருந்தேன் சார். முழுக்க நம்பியிருந்தால் அம்மா மேல் கோபப்பட்டு அதோடு முடித்திருப்பேன். முழுக்க நம்பாமல் இருந்திருந்தால் எப்போதோ போய்க் கேட்டிருப்பேன். இரண்டையும் செய்யவில்லை. ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. இன்றைக்குக் காலையில்தான் போய்க் கேட்டேன். கேட்டுவிட்டு இந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன்.

நீங்கள் சொன்னதால்தான் இதை எடுத்தேன். தப்பாக நினைக்கக் கூடாது. இப்போது ஏறினாளே அந்தப் பெண், நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு. "என்னக்கா, பாயில இருந்து நேரா பஸ்ஸுக்கா?" என்றான் கண்டக்டர். அவளும் விடவில்லை. "ஆமா, ஒன் பஸ்ஸு பெரிய கல்யாண மண்டபம், பட்டு கட்டிட்டு வாரதுக்கு. ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு ஒண்ணு கிழிய்யா." பஸ்ஸே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பி, "காலம் எப்படிக் கெட்டுப் போச்சு பாருங்க" என்றீர்கள். என் சட்டையையும் ஷூவையும் பார்த்து, இவன் நம்ம ஆள் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்ததில் தப்பில்லை. கசங்கிய சட்டையோடு நான் வாசல்படி இறங்கியதில்லை. குப்பைத் தொட்டிக்குப் போனாலும் பேண்ட் போட்டுக்கொண்டுதான் போவேன். தெருவில் எனக்குப் பின்னால் பெயரே உண்டு, 'மாப்பிள்ளை சார்' என்று.

நீங்கள் சொல்வது எனக்கும் தெரியாமல் இல்லை. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் அரை டிராயரோடு உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளையின் சொந்தச் சித்தப்பா. பாங்கில் ஒருத்தன் பனியனோடு நிற்கிறான். பள்ளிக்கூட வாசலில் தாய்மார் எல்லாம் நைட்டி. பார்க்கும்போது எனக்கும் ஏதோ ஒன்று மனசில் கலங்கத்தான் செய்கிறது. யாரும் யாருக்காகவும் தலை சீவுவது இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் நைட்டியை மட்டும் என்னிடம் குறை சொல்லாதீர்கள். அது என் அம்மா காலத்தில் எங்கள் லைனுக்கு வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லைன் என்றால் மில் லைன். பஞ்சு மில் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, நடுவில் குழாயடி, கோடியில் ஒரு இரும்புக் கேட். கேட்டுக்கு இந்தப் பக்கம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். கிழிந்த சேலை, அழுக்குப் பனியன், யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டைத் தாண்டினால் அது வெளி. வெளிக்குப் போகிறவர்கள் உடுத்திக்கொண்டுதான் போக வேண்டும். கேட்டை ஒட்டின பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்குவதற்கு என் அப்பா டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு போவார். நம்புவீர்களா? அங்கே எல்லாரும் அப்படித்தான்.

பெண்கள் வீட்டுக்கு ஒரு வெளிச்சேலை வைத்திருந்தார்கள். ஒன்றுதான். அதையும் ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொள்வார்கள். "உன் பச்சையக் கொடு, என் கத்தரிப்பூவ எடுத்துக்கோ" என்று சத்தம் கேட்டால், யாரோ சினிமாவுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். சினிமா என்ன, டாக்டர், ரேஷன் கடை, ஓட்டுப்போடும் இடம், எல்லாவற்றுக்கும் அதே அலங்காரம்தான். தலை பின்னி, பவுடர் போட்டு, பூ வைத்து.

வீட்டுச் சேலையோடும் விரிந்த தலையோடும் ஒருத்தி கேட்டைத் தாண்டினால் அதற்கு ஒரே அர்த்தம், வீட்டில் எழவு. ஒரு தடவை பேச்சியக்கா என்று ஒருத்தி, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடின ஆட்டைப் பிடிக்க அப்படியே ஓடிவிட்டாள். பார்த்த பெண்கள் அங்கேயே மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சேதி மில்லுக்குள் போய்விட்டது. அவள் புருஷன் தலையெல்லாம் பஞ்சோடு அலறிக்கொண்டு வருகிறான். எதிரே இவள் கிடாயை இழுத்துக்கொண்டு வருகிறாள். "யாருடி செத்தது?" என்றான். "இதுவரைக்கும் யாரும் சாகல. நீ இப்படிக் கத்துனா ஆடு செத்துரும்" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் லைனில் இதுதான் சிரிப்பு. ஆனால் பேச்சியக்கா மறுபடி ஒரு நாளும் அப்படி ஓடவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

என் அம்மா பெயர் குருவம்மாள். எனக்கு ஆறு வயதில் செத்துப்போனாள். எப்படிச் செத்தாள் என்பதை எனக்குச் சொன்னது என் அத்தை, அப்பாவின் தங்கை வெள்ளைத்தாய். அப்போது அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். அத்தை சொன்னது இதுதான். நான் சொல்லவில்லை, அவள் வாயாலேயே கேளுங்கள்.

"விடியக்காலம் மதினிக்கு வயித்து வலி. உங்கப்பன் ஷிப்டுல இருக்கான். நான் ஓடிப் போயி குதிரை வண்டியக் கேட்டுல கொண்டாந்து நிறுத்திட்டேன். வாங்க மதினி, வாங்க மதினின்னு நான் கெடந்து கத்துறேன். அவ என்னடான்னா, இந்தச் சேலையோட நான் கேட்டத் தாண்ட மாட்டேங்கா. பொட்டியத் திறந்து நீலச் சேலைய எடுத்தா. கட்டுனா. கூந்தல அவுத்து உக்காந்து பின்னுனா. பவுடரு, கனகாம்பரம். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தான? ஆஸ்பத்திரியில நர்சம்மா ஏற எறங்கப் பாத்தா. என்ன, விசேஷ வீட்டுல இருந்து வாறீகளா, செத்த உக்காருங்கன்னுட்டா. கிழிஞ்ச துணியும் ரத்தமுமா வந்தவனெல்லாம் உள்ள போறான். இவ பூ வச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்கா. அலங்காரம் பண்ணிட்டு வாய் விட்டு அழ முடியுமா? அழல. உள்ள கூப்பிட்டப்ப கொடல் வெடிச்சுப் போச்சு. எல்லாம் முடிஞ்சு போச்சு மருமகனே."

இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அத்தை என்னை மடியில் போட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறாள். சோறு ஊட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். நாலு பெண்கள் சேர்ந்தால் சொல்வாள், சொல்லி அழுவாள். அழுகை பொய் இல்லை சார். அதை நான் சத்தியம் பண்ணுவேன். என்னை வளர்த்தவள் அவள்தான். எனக்காகவே கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாள் என்று ஊரே சொல்லும்.

லைனில் அது ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது. எந்தப் பெண்ணாவது கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றால், "அலங்காரத்துல செத்த குருவம்மா ஆயிராத" என்பார்கள். நான் பக்கத்தில் நிற்பேன். என் அம்மா என்று அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

அப்பா அதற்குப் பிறகு டெரிலின் சட்டையைத் தொடவில்லை. அம்மா மேல் இருந்த கோபமும் கடைசிவரை போகவில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தாலியோடு செத்துப்போன பொம்பளைக்கு வருஷா வருஷம் ஒரு புதுச் சேலை எடுத்து, விளக்கு முன்னால் வைத்துக் கும்பிட வேண்டும். பிறகு அதை வீட்டில் ஒரு பெண் உடுத்துவாள். அப்பா ஒரு வருஷமும் வைக்கவில்லை. "சேலையாலதான செத்தா? இன்னும் அவளுக்குச் சேலை கேக்குதா?" என்பார். வெறும் சோறுதான் படைப்பார். அவர் போனபிறகு நானும் சோறுதான் படைக்கிறேன். சேலை வைக்கவில்லை. அவர் செய்யாததை நான் செய்தால் அவரை மீறினது போல இருக்கும். அது ஒரு காரணம். இன்னொன்று, அவள் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தெரியாமல் எப்படி வைப்பது, சொல்லுங்கள்.

எனக்கென்று அந்தக் காலையைப் பற்றி ஒரே ஒரு ஞாபகம்தான். அம்மா ஆட்டுரல் பக்கத்தில் சுருண்டு படுத்திருக்கிறாள். இரண்டு கையும் வயிற்றின் மேல், ஒன்றின் மேல் ஒன்றாக. நான் ஒரு கையைப் பிடித்து இழுக்கிறேன். வரவில்லை. சும்மா பிடித்துக்கொள்ளத்தான் இழுத்தேன். அது வரவில்லை. பிறகு வண்டி போகும்போது பின்னால் இருந்து பார்க்கிறேன். நீலச் சேலை. முதுகில் சடை தொங்குகிறது, கோடு போட்டது போல, ஒரு முடி பிசகாமல். அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யாரோ என்னைக் குழாயடிக்கு விளையாட அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் நான் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்தது இல்லை. மடையன் என்றுதான் சொல்ல வேண்டும். சந்தேகம் என்னவோ இருந்தது. வாய்க்குள் மாட்டின மீன்முள் மாதிரி. எங்கே குத்துகிறது என்றுதான் தெரியவில்லை.

போன மாசம் என் சம்சாரம் ஜெயக்கொடிக்கு வயிற்று வலி. பித்தப்பையில் கல். அப்போது கல் என்று யாருக்குத் தெரியும்? காலையில் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேர்த்துக் கொட்டுகிறது. மாடியில் குடியிருக்கிற மெர்சி சத்தம் கேட்டு இறங்கி வந்து, வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டாள். நான் ஜெயக்கொடியிடம், "நைட்டியோட எப்படிம்மா? பெரிய ஆஸ்பத்திரி. சேலையை மாத்திக்கோ" என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். அங்கே நாலு பேர் இருப்பார்கள் இல்லையா? அந்த மெர்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அங்கிள், சேலையாம் சேலை! நகருங்க" என்றாள். கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் வரும்வரைக்கும் நிற்கவில்லை.

நான் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் இல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்? டாக்டரிடம் பேசப்போகிறவன் நான்தானே. பார்த்தால் மதிப்பு வேண்டாமா? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜெயக்கொடி குனிந்தபடி ஆட்டோவுக்கு நடக்கிறாள். முடி முழுக்க அவிழ்ந்து முகத்தில் விழுகிறது. அவள் அதை ஒதுக்கவில்லை. இரண்டு கையும் வயிற்றில் இருக்கிறது. மெர்சிதான் தன் மணிக்கட்டில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து, அந்த முடியை அள்ளி, ஒரே சுற்றில் கட்டிவிட்டு ஏற்றினாள்.

நான் பஸ் பிடித்துப் போவதற்குள் அங்கே எல்லாம் நடந்துவிட்டது. நைட்டியோடும் வேர்வையோடும் போனவளைப் பார்த்ததும் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டார்களாம். கேள்வியே இல்லை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணைத் திறந்து, "பெல்ட்டு கெடைச்சிருச்சா?" என்று கேட்டாள். பாருங்கள் சார், அந்த வலியிலும் அவளுக்கு என் பெல்ட்டைப் பற்றின நினைப்பு. முப்பது வருஷத் தாம்பத்தியம் என்றால் சும்மாவா? மெர்சி ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னப் பெண், இதெல்லாம் அதற்கு எங்கே புரியப்போகிறது?

அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சார் எனக்கு வந்தது. என் அம்மாவும் இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தேன். உடனே, முடியை ஒதுக்காத ஜெயக்கொடியின் கை ஞாபகம் வந்தது. அதன் பின்னாலேயே, நான் இழுத்தும் வராத அந்தக் கை. முகத்தில் விழுகிற முடியை ஒதுக்கக்கூட ஒரு பெண்ணால் முடியாதென்றால், பின்னல் போடுவதற்கு எத்தனை கை வேண்டும்? எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார். "பேஷண்ட் யாரு, நீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு ஜெயக்கொடியிடம் சொன்னேன். அவள், "உங்கம்மாவுக்கு இந்த வருஷமாவது ஒரு சேலை எடுத்து வைங்க" என்றாள். "இரு, போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வைக்கிறேன்" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னத்தக் கேக்கணும்? ஆசைப்பட்டு அலங்காரம் பண்ணிட்டே போனா என்ன? அதுக்காகச் செத்தவளுக்கு ஒரு சேலை கூடவா இல்ல? நீங்களும் உங்கப்பாவும் கோர்ட்டு நடத்துறீக" என்றாள். பெண்கள் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவார்கள். எனக்கு ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். தெளிவானபிறகு வைத்தால்தானே அது மனசோடு வைத்ததாகும்? நான் சொல்வது சரிதானே?

ஆனாலும் ஒரு மாசம் தள்ளினேன். அத்தை திருப்பூரில் மகனோடு இருக்கிறாள். பயம்தான். என்னைத் தூக்கி வளர்த்தவளிடம் போய் என்ன என்று கேட்பது? கேட்டு, அவள் ஆமாம் என்றால் எனக்கு அம்மா கிடைப்பாள், அத்தை போய்விடுவாள். இல்லை என்றால் பழையபடி. ராத்திரி படுத்தால் இதே கணக்குத்தான். கடைசியில் போனேன்.

கதவைத் திறந்தது அத்தைதான். நைட்டி சார். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு. எங்கள் லைனிலேயே உடுத்துவதில் ராணி என்று பெயர் எடுத்தவள். இவளிடம் முந்தி மடிப்பு வைக்கச் சொல்லிப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் என்றால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு ஒரு நிமிஷம் யாரோ என்று இருந்தது.

"வா மருமகனே! என்ன, பொண்ணு பாக்கப் போற மாதிரி வந்திருக்க? உள்ள வா, வேர்த்துச் சாகாத" என்றாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன முழிக்க? இடுப்பு சொல்றதக் கேக்க மாட்டேங்கு. சேலை கட்ட ஆள் தேட வேண்டியிருக்கு. இதுன்னா தலை வழியா விட்டாப் போச்சு. இதோடதான் கடைக்குப் போறேன், கோயிலுக்குப் போறேன். எந்த நாயி கேக்கப் போகுது?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தக் காலத்துல நம்மள எல்லாரும் பாக்கான் பாக்கான்னு செத்தோம். ஒருத்தனும் பாக்கலப்பா" என்றாள்.

காபி கொடுத்தாள். ஜெயக்கொடிக்கு உடம்பு எப்படி என்று கேட்டாள். மாடி வீட்டு மெர்சி அவளை நைட்டியோடு கொண்டுபோனதைச் சொன்னேன். "நல்ல வேலை செஞ்சா அந்தப் பிள்ள" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவாகவே பேச்சு அங்கே வந்துவிட்டது. நான் கேட்கவே இல்லை.

"உங்கம்மாவும் இப்படிப் போயிருந்தா... என்ன செய்ய? இந்தச் சேலையோட நான் கேட்டத் தாண்ட மாட்டேன்னுட்டாளே. பொட்டியத் திறந்து நீலச் சேலைய எடுத்தா. கட்டுனா. கூந்தல அவுத்து உக்காந்து பின்னுனா..."

அதே வார்த்தை, அதே வரிசை. வழக்கமாக முகத்தைத்தான் பார்ப்பேன், இன்றைக்குப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். சொல்லும்போது அத்தையின் கையும் சேர்ந்து சொல்லும், சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்போது கவனித்தது இல்லை. ஒருத்தி தன் தலையைத் தானே பின்னினாள் என்று சொல்லிக் காட்டுகிறவள் கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோவாள், இல்லையென்றால் தோள் பக்கமாவது இழுப்பாள். அத்தையின் கை முன்னால், நெஞ்சுக்கு நேராக, காற்றில் மூன்று பிரியாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு, இழுத்து இறுக்கிக்கொண்டே கீழே இறங்குகிறது. முன்னால் யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பது போல. மெதுவாக, நோகாமல். அத்தனை பாசமாக. என் தலையை அவள் துவட்டிவிடும்போதும் அந்தக் கை அப்படித்தான் இருக்கும்.

"நான் தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தான?" என்றாள்.

பஸ் சத்தத்தில் கேட்கிறதா சார்? டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கை இரண்டையும் பிடித்துக்கொண்டேன். இழுத்ததும் வந்துவிட்டது. பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அத்தை, அம்மா வயித்துல இருந்து கையை எடுக்கவே இல்லையே. அந்தச் சடையைப் பின்னிவிட்டது யாரு?"